பீலியில் தண்ணீர் வராத நாளில்: கணனி வலையமைப்பின் கோளாறுகளை நாமே கண்டறிதல்



ஒரு திங்கட்கிழமை காலை. ஹாலிஎலயில் நாம் நடத்தும் சிறிய கணனி நிலையத்தின் கதவைத் திறக்கும் முன்பே ஒரு தாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மண்சரிவு அபாயத்தால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்து, தற்காலிகக் கொட்டில் ஒன்றில் குடும்பத்தோடு இருப்பவர். மகளின் விண்ணப்பப் படிவத்தை இணையத்தின் வழியாக அனுப்ப வேண்டும். அன்றுதான் கடைசி நாள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். கணனியை இயக்கினோம். இணைப்பு இல்லை. நிலையத்தில் உதவிக்கு இருக்கும் தங்கச்சி, "சாமி, எல்லாம் போட்டுத்தான் இருக்குதுங்க, ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றாள்.

அந்தத் தாய் பஸ் ஏறி பதுளைக்குப் போய், ஒரு கடையில் காசு கொடுத்து அலுவலை முடித்தார். அன்றைய நாட்கூலியும் அவருக்கு இல்லாமற் போயிற்று. நாம் அழைத்த திருத்துநர் மூன்று நாட்களுக்குப் பின் வந்தார். மேசைக்கு அடியில் குனிந்தார். ஒரு கேபிளின் தலையைத் விரலால் தள்ளினார். "கிளிக்" என்று ஒரு சத்தம். எல்லாம் வேலை செய்தது. கூட்டும்போது தும்புத்தடி பட்டு அது அரை விரற்கடை வெளியே வந்திருந்தது. அவருக்குரிய பணத்துக்கான வவுச்சரில் கையெழுத்திட்டவன் நான். குருமடத்தில் தத்துவம் மூன்று வருடம் படித்த எனக்கு, மேசைக்கடியில் குனிந்து பார்க்கும் தத்துவம் தெரியாமற் போயிற்று.

அதன் பிறகுதான் இந்தப் பாடத்தை நானும் அந்தத் தங்கச்சியும் சேர்ந்து கற்றோம். கற்றதை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருடைய கையில் தொலைபேசி இருக்கிறது, பின் எதற்கு வயர் என்று கேட்பீர்கள். மலைமடிப்பில் சிக்னல் கிடைக்காத இடங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ. அத்துடன் நட்டஈட்டுக்கான நீண்ட படிவங்களையும், காணிப் பத்திரங்களின் பிரதிகளையும் சிறிய திரையில் நிரப்பி அனுப்புவது சிரமம். ஒரு இணைப்பை எட்டுக் கணனிகளுக்குப் பகிர்ந்து கொடுக்க, மழைக்கும் சுவருக்கும் தடுமாறாத வழி கேபிள்தான்.

மேலிருந்து கீழே வரும் வழி

தோட்டத்துப் பீலியில் தண்ணீர் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் பக்கத்து லயத்தில் விசாரிக்கிறோம், "உங்க பீலியில வருதா?" என்று. அங்கே வருகிறது என்றால் கோளாறு நம் பக்கத்துக் குழாயில். அங்கேயும் இல்லை என்றால் மேலே, தொட்டியிலோ ஊற்றிலோ. பிறகு குழாய் வழியே நடந்துபோய், ஒவ்வொரு பொருத்திலும் கழற்றிப் பார்க்கிறோம். இந்தப் பொருத்துவரை தண்ணீர் வருகிறது, அடுத்ததில் இல்லை. அப்படியானால் அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில். கணனி வலையமைப்பில் கோளாறு தேடுவதும் இதே வேலைதான். இதைத் தெரிந்தவர்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது பொருத்துகளின் பெயர் மட்டுமே.

வழி இதுதான். வெளியிலிருந்து இணையம் தொலைபேசிக் கம்பியிலோ கண்ணாடி இழையிலோ நம் கட்டடத்துக்கு வருகிறது. அதை வாங்கிக்கொள்ளும் பெட்டி ரவுட்டர். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள், பல துவாரங்கள் உள்ள சுவிட்ச் பெட்டிக்குப் போகிறது. சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கணனிக்கும் தனித்தனிக் கேபிள். ஊற்று, தொட்டி, பிரிகுழாய், பீலி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேபிள் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், செரொக்ஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில் ரொபர்ட் மெட்காஃப் என்பவரும் டேவிட் பொக்ஸ் என்பவரும் உருவாக்கியது. அக்காலத்தில் எல்லாக் கணனிகளும் ஒரே தடித்த கேபிளில் தொங்கின. ஹாலிஎலக்கும் பதுளைக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம் இருப்பதைப் போல. ஆனால் இரயிலுக்கு உள்ளது போன்ற டப்லட் முறை அங்கே இல்லை. ஒவ்வொரு கணனியும் பாதை சும்மா இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்டு அனுப்பும். இரண்டு ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால், இரண்டும் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்பும். எழுத்துகள் மோதினால் உயிர்ச்சேதம் இல்லையல்லவா! இன்றைய சுவிட்ச் பெட்டி ஒவ்வொரு கணனிக்கும் தனிப்பாதை கொடுப்பதால் அந்த மோதலும் இல்லை. நமக்கு இதில் பெரிய பிரயோசனம் ஒன்று உண்டு. அன்று ஒரே கேபிளில் எங்கு பழுது வந்தாலும் எல்லாம் நின்றன. இன்று ஒரு கேபிள் பழுதானால் ஒரு கணனிதான் நிற்கும். ஆகவே "ஒன்றா, எல்லாமா?" என்ற முதற் கேள்வியே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

இடம்பெயர்ந்த விவசாயிகளுக்கும் இணையத்துக்கும் உள்ள தொடர்பு நம் நாட்டில் இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது (அது 1985 இல் நிறைவடைந்தது) பல கிராமங்களின் வயல்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. மக்கள் வேறிடங்களில் குடியேற்றப்பட்டனர். அந்தப் பிரதேசத்தில் கொத்மலை சமூக வானொலி தோன்றியது. 1998 அளவில் யுனெஸ்கோவின் உதவியோடு அந்த வானொலி நிலையத்துக்கு இணைய இணைப்புக் கொடுக்கப்பட்டது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் பாவிப்பதற்குக் கணனிகள் வைக்கப்பட்டன. கணனியைத் தொட்டே இராத கிராமத்தவர்கள் தங்கள் கேள்விகளை வானொலிக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, தமக்குத் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளங்கும் மொழியில் பதில் சொல்வார்கள். ஒரு கேபிளின் முனையில் ஓர் ஊரே காத்திருந்த காலம் அது. நம் நிலையத்தின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஒரு தலை கழன்றால், நாற்பது குடும்பங்களின் அலுவல் நிற்கிறது.

முதலில் கண்ணால் பாருங்கள்

எந்தப் பொத்தானையும் அழுத்த முன், விளக்குகளை அவதானியுங்கள். கேபிள் செருகப்படும் துவாரத்தின் அருகில், கணனியின் பின்பக்கத்திலும் சுவிட்ச் பெட்டியிலும், சின்னஞ்சிறு விளக்கு இருக்கும். அது எரிந்தால் "மறுமுனையில் ஆள் இருக்கிறார்" என்று பொருள். மினுக்கினால் பேச்சு நடக்கிறது. எரியவேயில்லை என்றால் மின்சாரம், கேபிள், துவாரம் ஆகிய மூன்றில் ஒன்றிலேதான் பிழை. கணனித் திரையின் கீழ் மூலையிலும் அடையாளம் தெரியும். சிவப்புப் புள்ளடி என்றால் கேபிளே தொடுப்பில் இல்லை. மஞ்சள் முக்கோணம் என்றால் கேபிள் சரி, அதற்கு மேலே எங்கோ கோளாறு. புதிய விண்டோஸ் கணனிகளில் இணைப்பு அற்றுப்போனால் ஓர் உலக உருண்டை தோன்றும்.

விளக்கு எரியாவிட்டால் கேபிளின் இரண்டு தலைகளையும் கழற்றி, "கிளிக்" சத்தம் கேட்கும்வரை மீண்டும் செருகுங்கள். தலையில் உள்ள பிளாஸ்ரிக் நாக்கு உடைந்திருந்தால் சத்தம் வராது, அது நிற்கவும் மாட்டாது. எங்கள் நிலையத்தில் உள்ள கேபிள்களில் பாதிக்கு இந்த நாக்கு இல்லாதிருந்தது. இன்னும் எரியவில்லையா? நன்றாக வேலை செய்யும் பக்கத்துக் கணனியின் கேபிளைக் கழற்றி இதில் போட்டுப் பாருங்கள். எரிந்தால் பழைய கேபிள்தான் குற்றவாளி. எரியாவிட்டால் சுவிட்ச் பெட்டியில் வேறு துவாரத்துக்கு மாற்றுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியும் பலனில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஆத்திரத்தில் மூன்றையும் ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே பிழை வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாக் கணனிகளிலும் இணைப்பு இல்லை என்றால் ரவுட்டருக்குப் போங்கள். கண்ணாடி இழை இணைப்பாக இருந்து, அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை. அது கம்பனியின் வேலை. நாம் எதையும் கழற்றிப் பிரயோசனமில்லை. இழையை மடித்துப் பார்ப்பதும் கூடாது, முறிந்துவிடும். சிவப்பு இல்லையென்றால் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் எடுத்து அது நிலைக்கு வரும். அதன் பின் சுவிட்ச் பெட்டி. அதன் பின் கணனி. ஊற்றைத் திறக்கும் முன் பீலியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதில்லை அல்லவா? மின்வெட்டுக்குப் பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒழுங்கில் அணைத்துப் போட்டாலே தீர்ந்துவிடுகின்றன. 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற காலத்தில் இதை நாங்கள் மனப்பாடமாகவே செய்தோம்.

கேபிளின் உள்ளே

கேபிளை வெட்டிப் பார்த்தால் எட்டு மெல்லிய வயர்கள், இரண்டிரண்டாகச் சடை பின்னியது போல் முறுக்கியிருக்கும். இது அழகுக்காக அல்ல. பக்கத்தில் போகும் மின்சார வயர்களின் குழப்பம் ஜோடியில் உள்ள இரண்டு வயர்களிலும் ஒரேயளவில் விழுவதால், மறுமுனையில் அதைக் கழித்துவிட முடிகிறது. முறுக்கு அவிழ்ந்தால் இந்தப் பாதுகாப்பும் அவிழ்ந்துவிடும். ஆகவே தலை பொருத்தும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்க வேண்டாம்.

தலை பொருத்துவதற்கு கிரிம்பிங் கருவி ஒன்றும் எட்டு விளக்குச் சோதனைக் கருவி ஒன்றும் வேண்டும். இரண்டும் ஒரு திருத்துநரின் ஓரிரு வருகைக்கான செலவில் வாங்கக்கூடியவை. பிளாஸ்ரிக் நாக்கு கீழே இருக்க, செம்புப் பற்கள் மேலே தெரிய, கேபிள் நம்மை நோக்கி வருமாறு பிடித்தால், இடமிருந்து வலமாக நிறங்களின் ஒழுங்கு இது: வெள்ளை கலந்த செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை கலந்த பச்சை, நீலம், வெள்ளை கலந்த நீலம், பச்சை, வெள்ளை கலந்த கபிலம், கபிலம். பச்சை ஜோடி பிரிந்து நீலத்தை நடுவில் விட்டிருப்பதைக் கவனியுங்கள். பலர் தவறுவது இங்கேதான். நிறங்களை ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி, இரண்டு முனையிலும் அவ்வாறே செய்துவிடுகிறார்கள். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். குறுகிய கேபிளில் வேலையும் செய்யும். நீண்ட கேபிளில் மட்டும் இணைப்பு வந்து வந்து போகும், காரணம் தெரியாமல் தலை வெடிக்கும். எங்கள் நிலையத்தின் பின்னறைக் கணனி ஒரு வருடம் இப்படித்தான் "பேய் பிடித்து" இருந்தது.

இன்னொரு விடயம். இணைப்பு இருக்கிறது, ஆனால் ஆமை வேகம் என்றால், எட்டில் ஏதாவது ஒரு வயர் அறுந்திருக்கலாம். சாதாரண வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு வயர்கள் போதும். அதி வேகத்துக்குத்தான் எட்டும் வேண்டும். ஆகவே 4, 5, 7, 8 இல் ஒன்று அறுந்தாலும் கணனி வாய் திறக்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும்.

கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. சரிவான நிலத்தில் இதைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாற வேண்டாம், கயிறு வைத்து அளவுங்கள். சுவரில் ஏறி இறங்கும் தூரமும் கணக்கில் சேரும். மலிவான கேபிள்களில் சில, முழுச் செம்பு அல்ல, செம்பு பூசிய அலுமினியம். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இரண்டு தரம் வளைத்தால் முறியும். கொஞ்சம் கூடக் கொடுத்துச் செம்பு வாங்குவது நல்லது. வெளியில் போகும் கேபிள் வெயிலில் வெடித்து, மழைநீர் உட்புறமாகவே ஓடிவந்து துவாரத்துக்குள் இறங்கும். கட்டடத்துக்குள் நுழையுமிடத்தில் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். எலி, எறும்பு, பல்லி இம்மூன்றையும் நான் தனியாக எழுதத் தேவையில்லை. செம்புப் பற்களில் பச்சை படிந்திருந்தால் தலையை வெட்டிப் புதிதாகப் பொருத்துங்கள்.

நான்கு தட்டல்கள்

விளக்குகள் எரிகின்றன, ஆனாலும் இணையம் வரவில்லை. இப்போதுதான் கணனியிடமே கேட்க வேண்டும். விண்டோஸ் கணனியில் தேடும் இடத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டி என்டர் பண்ணுங்கள். கணனியின் முகவரி இலக்கம் தெரியும். வலையமைப்பில் ஒவ்வொரு கணனிக்கும் லயத்து வீட்டு இலக்கம் போல ஓர் இலக்கம் உண்டு. பொதுவாக அதை ரவுட்டர்தான் கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் கொடுத்திருக்கிறது, நல்லது. 169.254 என்று தொடங்கினால், கணனி கேட்டுப் பார்த்து, பதில் சொல்ல ஒருவருமில்லாததால் தனக்குத் தானே ஓர் இலக்கம் போட்டுக்கொண்டது. அதாவது ரவுட்டர்வரை பேச்சுப் போகவில்லை, அல்லது ரவுட்டர் உறங்கிவிட்டது. மேலே சொன்ன ஒழுங்கில் அணைத்துப் போடுங்கள்.

அதே பட்டியலில் வாசற்படி இலக்கம் ஒன்றும் இருக்கும். அது ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1. இனி பி, ஐ, என், ஜி என்ற நான்கு எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இலக்கத்தைத் தட்ட வேண்டும். "அங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று கதவைத் தட்டுவதற்குச் சமம். முதலில் 127.0.0.1. இது கணனி தன் நெஞ்சில் தானே தட்டிப் பார்ப்பது. அடுத்து ரவுட்டரின் இலக்கம். அடுத்து 8.8.8.8. இது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுப் பாவனைக்கு வைத்திருக்கும் முகவரி. நான்காவதாக, இலக்கத்துக்குப் பதில் ஏதாவதோர் இணையத்தளத்தின் பெயர்.

எந்தத் தட்டலில் பதில் நிற்கிறதோ, அடைப்பு அதற்கும் முந்தியதற்கும் நடுவில். ரவுட்டர் பதில் சொல்லி, 8.8.8.8 சொல்லாவிட்டால், பெரும்பாலும் கோளாறு கட்டடத்துக்கு வெளியே. 8.8.8.8 பதில் சொல்லி, பெயர் மட்டும் பிடிபடாவிட்டால் வழி சரி, பெயரை இலக்கமாக மாற்றித் தரும் ஏடு கிடைக்கவில்லை. ஊர்ப் பெயர் தெரியும், எந்த பஸ் என்று தெரியாது என்பது போல. ரவுட்டரை ஒரு தரம் அணைத்துப் போட்டால் அநேகமாகத் தீரும். நான்கும் சரி, ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு அந்தத் தளத்தில். பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் நாடே ஒரே கதவைத் தட்டும்போது இது நடக்கும். நம் கேபிள்களைப் பிடுங்காமல் இரவு பத்து மணிக்கு மேல் முயற்சிப்பது நல்லது.

அன்பளிப்பாகக் கிடைத்த பழைய கணனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாம் சரியாக இருக்க, தளங்கள் மட்டும் "பாதுகாப்பற்றது" என்று மறுத்தால், திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். உள்ளே உள்ள காசு வடிவான சிறிய பற்றரி செத்துவிட்டது. தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் காலம் வரவில்லை என்று கணனி நினைக்கிறது! திகதியைத் திருத்தி, மணிக்கூட்டுக் கடையில் 3 வோல்ற் பற்றரி வாங்கிப் போட்டால் போதும்.

நாமே உண்டாக்கும் குழப்பங்கள்

எங்களுக்கு நடந்த மிகப் பெரிய கோளாறுக்குக் காரணம் நானேதான். கூட்டம் ஒன்றுக்காக அறையைத் துப்புரவாக்கியபோது, சுவிட்ச் பெட்டியிலிருந்து தொங்கிய ஒரு கேபிளின் முனையைக் கண்டேன். பாவம், கழன்றுவிட்டது என்று எண்ணி, அதே பெட்டியில் இருந்த வெற்றுத் துவாரத்தில் செருகிவிட்டேன். எல்லா விளக்குகளும் வெறிகொண்டது போல ஒன்றாக மினுக்கத் தொடங்கின. ஒரு கணனியும் வேலை செய்யவில்லை. கேபிளின் இரு முனையும் ஒரே பெட்டியில் இருந்ததால், ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்து, பெருகிப் பெருகிப் பாதை முழுவதையும் நிரப்பிவிட்டது. இரண்டு நாள் அவதிப்பட்ட பின், கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது, அந்த ஒன்றைக் கழற்றியதும் எல்லாம் அடங்கியது. அன்று தொடக்கம் ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே இலக்கம் எழுதிய பிளாஸ்ரர் துண்டு ஒட்டியிருக்கிறோம்.

இன்னொரு முறை, உதவி செய்யும் நோக்கத்தில் ஒரு தம்பி வீட்டிலிருந்து பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகிவிட்டார். இரண்டு ரவுட்டர்களும் இலக்கம் கொடுக்கத் தொடங்கின. சில கணனிகளுக்கு 192.168.1 என்றும் சிலவற்றுக்கு 192.168.0 என்றும் கிடைத்தன. பாதிக்கு இணையம், பாதிக்கு இல்லை, நாளைக்கு வேறு பாதி. ஒரு லயத்துக்கு இரண்டு கங்காணி என்ற கதை.

இடியும் மழையும்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கத்தில் பிற்பகல் இடிமழை அதிகம். மின்சாரப் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது தவறு. தொலைபேசிக் கம்பி வழியாகவும், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் செம்புக் கேபிள் வழியாகவும் மின்னல் வரும். வானம் கறுக்கும்போதே, இடி கேட்கும் முன்பே, எல்லாவற்றையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பின் கேபிளைத் தொடவே வேண்டாம், பெட்டி போனால் போகட்டும். இரண்டு கட்டடங்களை இணைக்க வேண்டியிருந்தால் கண்ணாடி இழையைப் பாவிப்பது நல்லது. அது மின்னலைக் கடத்தாது.

இவ்விடத்தில் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தை மீண்டும் தாக்கின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். நிலையத்தில் இணைப்பு இருக்கும் நாட்களில் அந்த அறிவித்தலைப் பார்த்து, எழுதி, சந்தியில் ஒட்டுவதை ஒருவர் பொறுப்பெடுங்கள். ஆனால் அடைமழையில் முதலில் நிற்பது மின்சாரமும் இணைப்பும்தான். அந்நேரம் மேசைக்கடியில் குனிந்து கேபிள் பார்த்துக்கொண்டிராதீர்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் கம்பங்களும், திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய ஊற்று, இவற்றைக் கண்டால் எந்தத் திரையின் அனுமதியும் வேண்டாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள். மீரியபெத்தையில் அபாயம் உண்டென்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. போவதற்குரிய இடம்தான் மக்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோளாறைத் திருத்தும் கருவி என்னிடமும் இல்லை.

திருத்துநரை அழைக்கும்போது

எல்லாம் பார்த்த பின்னும் முடியவில்லையென்றால் அழைக்கத்தான் வேண்டும். அதில் வெட்கமில்லை. ஆனால் "வேலை செய்யுதில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு கணனியா, எல்லாமா, எப்போது தொடங்கியது, அதற்கு முன் இடியோ மின்வெட்டோ இருந்ததா, எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது, இலக்கம் 192 இல் தொடங்குகிறதா 169 இல் தொடங்குகிறதா, நான்கு தட்டல்களில் எத்தனைக்குப் பதில் வந்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்து வாசித்துக் காட்டுங்கள். சென்ற மாதம் நம் தங்கச்சி தொலைபேசியில் இப்படி வாசித்தபோது, மறுமுனையில் இருந்தவர், "அப்படின்னா நான் வரத் தேவையில்ல தங்கச்சி, ரவுட்டரோட பவர் பெக்தான் போயிருக்கு, 12 வோல்ற் ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றார். அதை வாங்க இம்முறை நானே பதுளைக்குப் போனேன்.